தோட்டத்தார்க்கு ஒரு தோட்டம்

தோட்டம் என்னும் சொல் தமிழர் வாழும் இடந்தோறும் வேறு வேறு பொருள் தந்து நிற்பது. யாழ்ப்பாணத்து உழவர்க்குத் தோட்டம் என்பது கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிக்கும் செம்மண் நிலம். தமிழ்நாட்டுச் சிற்றூர் மக்களுக்கு அது வாழையும் தென்னையும் பூஞ்செடியும் நிற்கும் வீட்டை அடுத்த நிலம். மலைநாட்டில் வாழும் நமக்கோ தோட்டம் என்றால் பல நூறு ஏக்கரில் விரிந்து கிடக்கும் தேயிலையும் இறப்பருமே ஆகும். இரத்தினபுரிப் பேருந்தில் இருவர் சந்தித்தால், "எந்தத் தோட்டம்?" என்பதே முதற் கேள்வி. ஊரும் உறவும் தொழிலும் அந்த ஒரு விடையில் அடங்கிவிடும். சிங்களத்திலும் "வத்த" என்னும் ஒரே சொல் வீட்டுத் தோட்டத்தையும் பெருந்தோட்டத்தையும் குறிக்கின்றது. மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1954ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட கவிதை நூலின் தலைப்பிலும் இலங்கையின் தேயிலைத் தோட்டம் என்ற தொடரே அமைந்தது.

இச்சொல்லிலே ஒரு முரண் ஒளிந்து கிடக்கின்றது. தோட்டத்திலே பிறந்து, தோட்டத்திலே உழைத்து, தோட்டத்து மண்ணிலேயே அடங்கிய மக்களுள் மிகப் பெரும்பாலார்க்குத் தமக்கென்று ஒரு சிறு தோட்டந்தானும் இருந்ததில்லை. வீடு, அதனைச் சூழ்ந்த தோட்டம், அவ்விரண்டிலும் மலரும் கலை ஆகிய மூன்றும் ஒரே கொடியின் வேரும் இலையும் பூவும் போன்றவை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கொடி எங்கெங்கே எவ்வாறு தழைத்தது, நம்மிடையே அது ஏன் நிலத்தில் ஊன்றவில்லை, இனி ஊன்றச் செய்வது எங்ஙனம் என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

இல்லும் மனையும்

பண்டைத் தமிழர் வீட்டைக் குறித்த சொற்கள் ஆழமானவை. "மனை" என்பது கட்டடத்தை மட்டும் குறிப்பதன்று. அது நிற்கும் நிலத்தையும், அதனை ஆளும் இல்லாளையும் உடன் குறிக்கும். "வீடு" என்பது உறைவிடத்தையும் குறிக்கும். பிறவித் தளையினின்று பெறும் விடுதலையையும் குறிக்கும். "இல்" என்னும் சொல்லோ விந்தையானது. அது வீட்டுக்கும் பெயர், இன்மைக்கும் பெயர்.

பத்துப்பாட்டினுள் பெரும்பாணாற்றுப்படை பாணனை இளந்திரையனிடம் ஆற்றுப்படுத்தும்போது, வழியிலுள்ள எயினர், ஆயர், உழவர், அந்தணர், பரதவர் ஆகியோரின் இருப்பிடங்களை ஒவ்வொன்றாகக் காட்டிச் செல்கின்றது. எளியவர் குடிலும் அங்கே தனக்குரிய கூரையோடும் வேலியோடும் முற்றத்தோடும் தோன்றுகின்றது. இன்னாருடைய வீடு இன்ன நிலத்துக்குரியது என்று பார்த்த அளவிலே அறியலாம். நெடுநல்வாடையோ கட்டடக் கலையறிந்தோர் நாளும் திசையும் பார்த்து, நூல் பிடித்து அளந்து அரண்மனை வகுத்த திறத்தைப் பேசுகின்றது. கீழைத்தேய மொழிக் கல்லூரியிலே பண்டித வகுப்பில் அப்பகுதியைப் படித்த நாளில் என் நெஞ்சில் எழுந்த நினைவு இன்றும் மறையவில்லை. நான் லயத்திலே பிறந்தவன். நாள் பார்த்து நூல் பிடித்து வகுத்த வீடு நூலிலே இருந்தது. நான் அறிந்த வீட்டுக்கோ நாளும் இல்லை, நூலும் இல்லை. கணக்கு மட்டுமே இருந்தது.

ஆங்கில நாட்டில் எழுந்த எண்ணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலே ஆலைப் புகை ஊரை மூடிய காலத்தில், அழகு என்பது அரும்பொருட்சாலையில் வைத்துப் பார்ப்பதன்று, அன்றாடம் உண்ணும் கலத்திலும் அமரும் நாற்காலியிலும் இருக்கவேண்டுவது என்று சிலர் முழங்கினர். அவர்களுள் தலையாயவர் வில்லியம் மொரிஸ் என்னும் கவிஞர். 1859-60இல் அவருக்காக நண்பர் பிலிப் வெப் கட்டிய செங்கல் வீடு பழமரச் சோலை ஒன்றின் நடுவே எழுந்தது. சுவருக்கு ஓவியமும் தொங்கலுக்குப் பின்னலும் நண்பரும் மனைவியருமே செய்துகொண்டனர். அந்த ஒரு வீட்டை அணிசெய்த முயற்சியிலிருந்தே 1861இல் ஒரு கைவினை நிறுவனம் பிறந்தது.

மொரிஸைப் பின்பற்றிய ஆஷ்பி என்னும் கட்டடக் கலைஞர் 1888இல் இலண்டனின் ஏழைகள் வாழும் கிழக்குப் பகுதியில் கைவினைஞர் குழு ஒன்றை நிறுவினார். தச்சரும் வெள்ளிவேலை செய்வோரும் நகைத் தொழிலாளரும் அதில் இருந்தனர். 1902ஆம் ஆண்டு அக்குழு முழுவதும் பெண்டு பிள்ளைகளோடு நகரை விட்டு நீங்கிச் சிப்பிங் கம்ப்டன் என்னும் சிற்றூரில் குடியேறியது. பகலிலே பட்டறை, மாலையிலே பாட்டும் நாடகமும், வீட்டின் பின்புறத்தே காய்கறி நிலம் என்று அவர்கள் வாழ்க்கையை வகுத்துக்கொண்டனர்.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். அச்சிற்றூருக்கும் நம் சபரகமுவ மாகாணத்துக்கும் இடையே ஒரு பாலமாக நின்றவர் ஒரு தமிழரின் மைந்தர் என்பதே விடை.

சபரகமுவவில் நடந்த குமாரசுவாமி

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆந் திகதி கொழும்பில் பிறந்தவர். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தவர். தாயார் ஆங்கிலப் பெண்மணி. பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் இவருடைய மைத்துனர். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்த குமாரசுவாமி, இலண்டனில் நிலவியலும் தாவரவியலும் கற்று, 1903இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் இயக்குநராகத் திரும்பி வந்தார்.

கல்லைத் தேடி வந்தவர் கலையைக் கண்டார் என்று இவரைப் பற்றிச் சொல்வது வழக்கம். அந்தக் கல் எங்கே கிடைத்தது என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும். 1904இல் இவர் கண்டெடுத்த கனிமமே பின்னர்த் தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. அது பலாங்கொடையைச் சார்ந்த பகுதியில், இரத்தினக்கல் அகழும் சரளை மண்ணிலே கிடைத்தது. ஓப்பநாயக்க வழியாகப் பலாங்கொடைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நாள்தோறும் போய்வரும் நமக்கு இச்செய்தி தொலைவிலுள்ளதன்று.

ஆய்வுக்காக ஊர் ஊராகச் சென்றவர் கண்டி நாட்டுச் சிற்றூர்களில் தட்டாரையும் கொல்லரையும் நெசவாளரையும் பாய் பின்னுவோரையும் சுவரோவியரையும் கண்டார். உடன் வந்த மனைவியார் எதெல் பழைய சிங்களப் பூத்தையலைப் பற்றி 1906இல் ஒரு நூல் வெளியிட்டார். தம் கணவரைப் பிரிந்த பின்னரும் அவர் கைத்தறியை விடவில்லை. 1916இல் தாவரச் சாயங்களைப் பற்றி எழுதி, பின்னாளில் இங்கிலாந்தின் பெயர் பெற்ற நெசவுக் கலைஞருள் ஒருவராய் விளங்கினார். குமாரசுவாமியோ 1905இல் கண்டித் தலைவர்க்கு ஒரு வெளிப்படை மடல் வரைந்து, அழிந்துவரும் பழங் கட்டடங்களையும் கைவினைகளையும் காக்குமாறு வேண்டினார். மேனாட்டு நாகரிகத்தைக் கண்மூடிப் பின்பற்றுவதைச் சாடினார். சமூகச் சீர்திருத்தச் சங்கம் ஒன்றையும் தோற்றுவித்தார்.

பின்னர் இங்கிலாந்து சென்ற அவர், சிப்பிங் கம்ப்டனை அடுத்த புரோட் கம்ப்டனில், இடிந்து கிடந்த பழைய நோர்மன் காலத்துத் தேவாலயம் ஒன்றை ஆஷ்பியைக் கொண்டு வீடாக்கிக்கொண்டார். 1905 முதல் 1907 வரை நடந்த அப்பணியில் பழைய கல்லும் புதிய மரவேலையும் கைகோத்தன. அந்த வீட்டிலே ஓர் அச்சுப் பொறியும் இருந்தது. வில்லியம் மொரிஸ் தம் புகழ் பெற்ற சோசர் கவிதைப் பதிப்பை அச்சிட்ட அதே கைப்பொறி அது. அதிலேதான் 1907 செப்டெம்பர் முதல் பதினைந்து மாதங்கள் உழைத்து, இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய தம் பெருநூலை அவர் அச்சிட்டு முடித்தார். அச்சிட்டவை 425 படிகளே. இந்நாட்டுச் சிற்றூர்த் தச்சனும் குயவனும் செய்த பொருள்களின் வரலாறு, இங்கிலாந்தின் சிற்றூரில், ஒரு வீட்டுக்குள்ளே, கையால் அச்சாகிய அருமையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கலைக்கு வேர் நிலமே

அந்நூல் வெறும் அணிகலப் பட்டியல் அன்று. கைவினைஞர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதையும் அது விரித்துரைக்கின்றது. கண்டி அரசில் தட்டானும் கொல்லனும் ஓவியனும் தத்தம் பணிக்கு ஈடாக நிலம் பெற்றிருந்தனர். நெல் விளையும் வயல் ஒன்று, வீடும் பலாவும் கமுகும் நிற்கும் தோட்டம் ஒன்று. இவை இருந்தமையால் அவன் நாளைய சோற்றுக்கு அஞ்சாமல் இன்றைய வேலையை நிதானமாகச் செய்தான். 1832இல் இராஜகாரிய முறை நீக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆயினும் வினையையும் நிலத்தையும் பிணைத்த கயிறும் அதனோடு தளரலாயிற்று. 1840இல் வந்த முடிக்குரிய நிலச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடும் சேனையும் அரசுக்கே உரியன என்றது. அந்நிலங்கள் கோப்பித் தோட்டக்காரர் கைக்கு மாறின. கைவினைஞரின் வேர் அறுந்த அதே நிலத்திலேதான், தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் முன்னோர்க்கு லயங்கள் எழுந்தன. ஒரே கோடரி இரண்டு வேலை செய்தது.

இங்கிலாந்துக் குழுவின் முடிவும் இதையே காட்டும். கையாற் செய்த பொருளின் விலை ஆலைப் பொருளின் விலையோடு போட்டியிட மாட்டாமையால் ஆஷ்பியின் கைவினைஞர் குழு 1908இல் கலைந்தது. ஆயினும் சிலர் ஊரைவிட்டுப் போகவில்லை. ஜோசப் ஃபெல்ஸ் என்னும் செல்வர் வாங்கி உதவிய நிலத்திலே பயிரிட்டுக்கொண்டு தம் கைத்தொழிலைத் தொடர்ந்தனர். நிறுவனம் வீழ்ந்தபோதும் தாங்கி நின்றது நிலமே. கலை செல்வத்தால் வளர்கின்றது என்பர் பலர். செல்வத்தினும் முன்னதாக அதற்கு வேண்டுவது, நாளையும் இது நம்முடையதே என்ற நிலைபேறு.

மூன்று வாயில்கள்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் மாகாணத்தில் மூன்று வகை வாயில்கள் இருந்தன. முதலாவது தலைவர்களின் வளவ்வை. "வளவு" என்று யாழ்ப்பாணத்தார் வீடு சூழ்ந்த நிலத்தைச் சொல்வது இச்சொல்லுக்கு ஒலியாலும் பொருளாலும் நெருங்கியது. இரத்தினபுரி மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள மதுவன்வெல வளவ்வையில் ஒருகாலத்தில் 121 அறைகளும் 21 முற்றங்களும் இருந்தன என்பர். எளிய சிங்களக் குடியானவன் வீட்டிலும் மண்சுவரும் ஓலைக் கூரையுமே ஆயினும், சுற்றிலும் பலா, தென்னை, கமுகு, மிளகுக்கொடி, வெற்றிலை என்று அடுக்கடுக்காக நின்ற தோட்டம் அவனுடையதாயிருந்தது. கண்டிப் பகுதியின் இவ்வீட்டுத் தோட்டங்களை உலகத்து வேளாண் அறிஞர் இன்றும் வியந்து ஆராய்கின்றனர்.

இரண்டாவது துரையின் பங்களா. குன்றின் உச்சியில், காற்று வரும் திசை பார்த்து, அகன்ற விறாந்தையோடு அது அமர்ந்திருந்தது. முன்னே புற்றரை, ஓரங்களில் ரோசாவும் பிற சீமைப் பூக்களும். தம் நாட்டு நினைவைத் துரைமார் செடியாக நட்டு வைத்தனர். அச்செடிக்கு நீர் வார்த்தவன், ரோசாவை ஒட்டுக் கட்டியவன், புற்றரையைச் சீர்செய்தவன் நம்மவன். பங்களாத் தோட்டத்துக்குத் தோட்டக்காரன் என்ற பதவியே தனியாக இருந்தது. செடியின் மொழி அறிந்த அக்கைகள் பொழுது சாய்ந்ததும் திரும்பிச் சென்ற இடமே மூன்றாவது வாயில்.

அது லயம். ஒரே நீண்ட கூரை. அதன்கீழ்ப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில் வரிசையாகக் காம்பராக்கள். முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. பல லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். சில போழ்து இரண்டு. சமையலும் துயிலும் மகப்பேறும் சாவும் அந்த 120 சதுர அடியிலே. கொல்லைப்புறம் என்பது அடுத்தவன் சுவர். இறப்பருக்கு உலகச் சந்தையில் விலை ஏறிய காலம் அது. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் குன்றுகள் இறப்பர்க் காடாயின. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. சரக்கை ஏற்றிச் செல்ல இரும்புப் பாதையே வந்தது. சரக்கை விளைவித்தோர்க்கு ஒரு திண்ணை வரவில்லை. அந்தப் பாதையும் அவிசாவளைக்கு அப்பால் எழுபதுகளில் கைவிடப்பட்டது. லயங்களுட் பல இன்றும் நிற்கின்றன.

தகரத்தில் பூத்த பூ

எனில், லயத்திலே கலை இல்லையா? உண்டு. அது எத்தகைய கலை என்பதே கருத வேண்டியது.

விடியற்காலைப் பிரட்டுக்கு ஓடுமுன் ஒரு பெண் தன் காம்பரா வாயிலைச் சாணமிட்டு மெழுகிக் கோலமிடுகின்றாள். இடம் இரண்டு முழம். மார்கழியானால் நடுவிலே சாணப் பிள்ளையாரும் அதன்மேற் பூசணிப் பூவும். மாலையில் மலையிலிருந்து திரும்பும்போது அக்கோலம் மழையிலும் மிதியிலும் மறைந்திருக்கும். மறுநாள் வேறு கோலம். தீபாவளி வந்தால் புகை படிந்த சுவருக்குச் சுண்ணாம்பும், அடியிலே காவிப் பட்டையும். மாசி மாதத்தில் காமன் பொட்டலிலே கூத்து. இரதியும் மன்மதனும் தப்பு முழக்கத்தோடு ஆடுவர். எரிந்த மன்மதன் மீண்டும் உயிர் பெறுவான். பகலில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவனும் பால் வெட்டியவனும் இரவில் முடி புனைந்து தேவராவர். அருச்சுனன் தவமும் பொன்னர் சங்கர் கதையும் பல தோட்டங்களில் விடிய விடிய நடந்தன. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் வாய்வழியே வளர்ந்தன. இவற்றுட் பலவற்றைத் தொகுத்து அச்சில் ஏற்றிய வேலுப்பிள்ளையின் தொண்டு மறத்தற்கரியது.

இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். கோலம் அழிந்துவிடும்; பாட்டு காற்றிலே கரைந்துவிடும்; கூத்து விடிந்தால் முடிந்துவிடும்; தப்பைத் தோளிலே மாட்டிக்கொண்டு நடந்துவிடலாம். செதுக்கிய தூண், இழைத்த கதவு, தலைமுறைக்கு நிற்கும் மரம் ஆகியவை இப்பட்டியலில் இல்லை. இம்மக்களுக்குத் திறமை குறைந்ததனால் அன்று. கங்காணி சொன்னால் வேறு காம்பராவுக்கு, வேறு தோட்டத்துக்கு, பின்னாளில் வேறு நாட்டுக்கே பெயர வேண்டியிருந்ததனால், பெயர்த்துக்கொண்டு போகக் கூடிய கலைகளையே அவர்கள் வளர்த்தனர். இடமில்லாதவரின் கலை இடம் கேட்காத கலையாயிற்று.

தோட்டங்கள் பலவற்றில் காய்கறி பயிரிடச் சிறு துண்டு நிலம் விடப்பட்டதுண்டு. அது இரக்கத்தால் வந்த இசைவு, உரிமை அன்று. என் தந்தையார் லயத்துக் கோடியில் ஒரு தோடை மரம் நட்டார். கறிவேப்பிலையும் முருங்கையும் விரைவிற் பலன் தருவன, தோடை அப்படிப்பட்டதன்று. ஆண்டுகள் சில நீர் வார்த்தார். மரம் முதன்முறை பூத்த ஆண்டிலே எங்கள் குடும்பத்தை மேற்கணக்கு லயத்துக்கு மாற்றினார்கள். மரத்துக்காக ஒருவர் மறுத்துப் பேச முடியுமா? மரம் வைத்தவன் தண்ணீர் வார்ப்பான் என்பது பழமொழி. பழம் யாருக்கு என்று அது சொல்வதில்லை. அதன்பின் அவர் எங்கும் மரம் வைக்கவில்லை. பூச்செடி மட்டுமே வைத்தார், அதுவும் தகரத்தில்.

ஆண்டுதோறும் ஆறாந் தரத்துப் பிள்ளைகளை "எங்கள் வீடு" என்னும் பொருளில் கட்டுரை எழுதச் சொல்வது என் வழக்கம். லயத்துப் பிள்ளைகளின் கட்டுரைகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் வீட்டைப் பற்றி மூன்று நான்கு வரிகளே இருக்கும். சுவர், கூரை, அடுப்பு. ஒரு சிறுமி அதை இரண்டே வரியில் முடித்துவிட்டு, வாயிலருகே பால்மாத் தகரத்தில் தான் வளர்க்கும் ரோசாச் செடியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். எத்தனை மொட்டு, எந்தப் பக்கம் வெயில், எந்த நாளில் தேயிலைத் தூள் சக்கை இட்டாள் என்ற கணக்கெல்லாம் அதில் இருந்தன. "பொருளை விட்டு விலகியுள்ளது" என்று எழுதச் சிவப்பு மையை எடுத்தேன், எழுதவில்லை. அவள் பொருளை விட்டு விலகவே இல்லை. அவளுக்கு வீடு என்பது அச்செடியிலிருந்தே தொடங்கியது.

ஏழு பேர்ச் நிலம்

இடமின்மைக்குச் சட்டமும் துணை நின்றது. 1948இன் குடியுரிமைச் சட்டம் நம்மவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964இன் ஒப்பந்தம் பல இலட்சம் பேரைக் கடல் கடந்து போகுமாறு வகுத்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. தொண்ணூறுகளில் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினர், காம்பராவில் இருந்தோர் மாறவில்லை. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்க 2003இல் சட்டம் வந்தது. நிலவுரிமை அதனினும் பின்தங்கியே நடந்தது.

2015க்குப் பின்னர், குடும்பம் ஒன்றுக்கு ஏழு பேர்ச் நிலமும் தனி வீடும் என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசின் உதவியோடும் வீடுகள் எழுந்தன. பின்னர்ப் பத்துப் பேர்ச் என்ற அறிவிப்பும் கேட்டோம். தேவையோடு ஒப்பிட்டால் கட்டிய வீடுகள் சிலவே. எனினும், கிடைப்பது என்ன என்று கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. ஒரு பேர்ச் என்பது ஏறக்குறைய 272 சதுர அடி. ஏழு பேர்ச் என்றால் 1,900 சதுர அடிக்குச் சற்று மேல். லயக் காம்பராக்கள் பதினைந்தை உள்ளடக்கும் பரப்பு அது. அதில் 550 சதுர அடியில் ஒரு வீடு எழுந்தாலும், 1,300 சதுர அடிக்கு மேல் வெறும் மண் எஞ்சும். ஒரு முருங்கை, ஒரு தேசி, ஒரு தோடை, நான்கு வாழை, வேலியிலே பாகலும் அவரையும், வாயிலிலே செவ்வந்தியும் துளசியும், மகளுக்கு ஒரு மருதோன்றிச் செடி. இத்தனைக்கும் அது போதும்.

ஆயின் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரே அச்சில் வார்த்த வீடுகளை வரிசையாக வைத்து, முன்னே ஒரு துண்டு சிமெந்து பூசிக் கையளித்தால், அது இடைவெளி விட்டுக் கட்டிய லயமே ஆகும். குடியிருப்போரைக் கேட்டுத் திண்ணைக்கு இடம் விடவேண்டும். கதவுக்கும் சாளரத்துக்கும் அவர்கள் விரும்பும் வேலைப்பாட்டுக்கு வழி விடவேண்டும். எல்லாவற்றினும் முதலாக, உறுதிப் பத்திரம் கையிலே இருக்கவேண்டும். உறுதி இல்லாத நிலத்தில் எவரும் பலா நடமாட்டார். பலா நடும் அளவுக்கு நம்பிக்கை வந்த நாளே மலையகத்தான் வீடு பெற்ற நாள்.

"சோறும் கூலியும் முதலில், பூவும் கோலமும் பின்னர்" என்று சொல்வார் உளர். கூலிக்காகப் போராட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பசியோடு இருந்த நாளிலும் நம் தாய்மார் கோலமிடாமல் இருந்ததில்லை. அவர்கள் பின்னர் என்று ஒத்திவைக்காததை நாம் ஒத்திவைக்கச் சொல்வது எவ்வாறு பொருந்தும்? அரிசிமாவிலே எறும்புக்கும் பங்கு வைத்த கை அது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் கடமை உண்டு. தாகூர் நிறுவிய சாந்திநிகேதனத்தில் 1919இல் தோன்றிய கலாபவனம், வங்கப் பெண்கள் வாயிலில் இடும் ஆல்பனா என்னும் மாக்கோலத்தைக் கலைப்பாடமாக ஏற்றது. அதே தாகூர் 1934இல் நமக்கு அணித்தாயுள்ள ஹொரணைக்கு வந்து ஸ்ரீபாலி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஆல்பனாவுக்குக் கிடைத்த மதிப்பு லயத்துக் கோலத்துக்கு ஏன் கிடைக்கக்கூடாது? ஒவ்வொரு தோட்டப் பாடசாலையும் தன் எல்லையில் உள்ள மூதாட்டியரிடம் சென்று அவர்கள் அறிந்த கோலங்களைப் புள்ளிக் கணக்கோடு ஒரு கொப்பியில் வரைந்து வைக்கட்டும். காமன் கூத்தின் பாட்டுக்களையும் ஒப்பனை முறைகளையும் அறிந்த முதியோர் மறையுமுன் கேட்டு எழுதட்டும். குமாரசுவாமி கண்டிக் கைவினைகளைப் பதிவு செய்தபோது அவை பாதிக்கு மேல் அழிந்திருந்தன. எஞ்சியவற்றை அவர் எழுதியதனாலேயே இன்று நாம் அறிகின்றோம். நம்முடையவற்றை எழுத 425 படிகளும் கைப்பொறியும் வேண்டா; ஒரு கொப்பியும் பொறுமையும் போதும்.

பொஸ்டன் நகர அரும்பொருட்சாலையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி 1947இல் மறைந்த குமாரசுவாமி, கலைஞன் என்பவன் தனிவகை மனிதன் அல்லன், ஒவ்வொரு மனிதனும் ஒரு தனிவகைக் கலைஞனே என்னும் கொள்கையை வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியவர். அக்கொள்கைக்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நூற்றாண்டுக் காலம் பிறருக்காகத் தோட்டம் வளர்த்த கைகள் நம்மிடையே உள்ளன. ரோசாவை ஒட்டுக் கட்டவும், கல்லைக் கயிறு பிடித்து அடுக்கவும், புள்ளியைக் கோடாக்கவும் அவை அறியும். அவற்றுக்குக் கற்பிக்க வேண்டுவது எதுவும் இல்லை. கொடுக்க வேண்டுவது, நாளை யாரும் பெயர்த்து எறியாத ஒரு துண்டு மண்.